ஈடா, ஈற்றா, தொகுதியா?

மண்டபத்திலிருந்து:
மடற்குழு அன்பர்களே, துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றுக்காகப் பாதுகாப்புக் கையேடு பெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். ரைபிள் தோட்டாவில் நிரப்பும் புகையில்லா மருந்து ஒரே ஆலையில் செய்தது, ஒரே பெயர், ஒரே எடை. ஆனாலும் சென்ற லாட்டும் (ஒரே தடவையில் செய்த சரக்கு) இந்த லாட்டும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. மருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோசின் தன்மை, மணியின் அளவு, மேற்பூச்சு, ஈரம் எல்லாம் சற்றே மாறுகின்றன. சில்லறையில் வரும் டப்பாக்களுக்கு ஆலையே பல லாட்டுகளைக் கலந்து ஓரளவு சமன் செய்கிறது. மிச்சமிருக்கும் வேறுபாடே அழுத்தத்தை எகிறவைக்கப் போதும். ஆகவே புது லாட்டைத் திறந்தால் பழைய அளவை அப்படியே போடாதே, குறைத்துத் தொடங்கு என்கிறது கையேடு. இந்த வேறுபாட்டுக்கு என்ன சொல்லலாம்?

தொண்டியிலிருந்து:
தொகுதி வேறுபாடு. இதற்கு எதற்கு விவாதம்?

சாயல்குடியிலிருந்து:
எங்கள் பக்கம் அதைப் படிப்பவர், முதுகுளத்தூருக்கும் பரமக்குடிக்கும் எத்தனை வாக்கு வித்தியாசம் என்றுதான் கேட்பார். 'ஈற்று' என்போம். தலையீற்றுப் பாலும் அடுத்த ஈற்றுப் பாலும் ஒன்றா? ஈன் என்பதே வேர். குறுந்தொகையில் ஆண்குருவி சூல் முதிர்ந்த பேடைக்குக் கரும்பின் பூவைக் கோதி 'ஈனில்', அதாவது முட்டையிடும் கூடு, அமைக்கிறதே, அந்த ஈன். ஈனுதல், ஈற்று, ஈற்றா என்று ஒரு குடும்பமே இருக்கிறது.

மண்டபத்திலிருந்து:
ஐயா, இது சுடுகிறவர்கள் படிக்கும் நூல். குருவியை விட்டுவிடுவோம்.

கீழக்கரையிலிருந்து:
'ஈற்று வேறுபாடு' என்றால் தமிழாசிரியர்கள் கடைசி எழுத்தைத் தேடுவார்கள். அடுப்படியில் இருக்கும் சொல்லை எடுங்கள். ஓர் ஈடு இட்லி, இரண்டாம் ஈடு இட்லி என்கிறோம். படு பாடு, சுடு சூடு, இடு ஈடு: முதனிலை திரிந்த தொழிற்பெயர், இலக்கணம் சுத்தம். முதல் ஈடு கல்லாக வரும், மூன்றாவது பஞ்சாக வரும். 'ஈட்டுவேறுபாடு' என்று வையுங்கள். என் மனைவிக்கே விளக்கம் தேவைப்படவில்லை.

தொண்டியிலிருந்து:
காக்கா (அண்ணே), அங்கேதான் தவறு. ஒரே மாவில் ஊற்றுபவை அந்த ஈடுகள். லாட் என்பதோ மாவே வேறு. நேற்று அரைத்ததும் இன்று அரைத்ததும். தவிர, 'ஈடு இணையற்ற' என்னும்போது ஈடு சமத்தைக் குறிக்கிறது. சமத்தின் பெயரால் சமமின்மையைச் சொல்வதா? இழப்பீடு, காப்பீடு என்று வேறு பல வேலைகளும் அதன் தலையில் இருக்கின்றன.

கீழக்கரையிலிருந்து:
அரைத்த மாவுக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தை வாசகர் தாமே கடந்துகொள்வார். நம் சேதுச் சீமையின் எறிகருவியான வளரிக்குத்தான் மருந்தும் வேண்டாம், லாட்டும் வேண்டாம். எறிந்தால் போதும்!

சாயல்குடியிலிருந்து:
வளரி திரும்பி வருமா வராதா என்று தனியே பேசவேண்டும். நான் நாளை எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து:
நாளை வியாழன், தயவுசெய்து எழுதாதீர்கள். மூவர் 'ஈடு' என்று தனிமடல் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் 'லாட்' என்றே விடச் சொல்கிறார். முதல் இடத்தில் 'ஈட்டுவேறுபாடு, அதாவது லாட் வேறுபாடு' என்று எழுதி, டப்பாவில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் 'லாட் எண்' என்றே வைக்கிறேன். கடையில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.

தொண்டியிலிருந்து:
அப்படியானால் ஒரே பக்கத்தில் இரண்டு பெயர். என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

சாயல்குடியிலிருந்து:
என்னுடையதையும். ஈற்றுக்கு ஒரு வாக்கு.