வீட்டுக்குள் வந்த காட்டு விருந்தாளியும் ஊசியில் நின்ற வரிசையும்

(பின்னல் செய்பவர்களின் இணையக் குழுவில் ஒரு கேள்வி: பின்னல் வேலை பாதியில் இருக்கும்போது உங்கள் வீட்டுக்குள் காட்டு விலங்கு ஏதாவது வந்ததுண்டா?)

குன்னூர்ப் பாட்டி:

தகரக் கூரைக்கும் அடியில் இருக்கும் மரத்தட்டிக்கும் நடுவில் மரநாய் ஓடுவதைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றானால் தலைக்கு மேல் தேங்காய் உருட்டுகிற சத்தம். பழகிவிட்டது. போன வாரம் அது கீழே இறங்கிவிட்டது.

பேரனுக்கு ஸ்வெட்டர். இரண்டு வயதுக் குழந்தை, மார்பு 22 அங்குலம், நாலு இழை நூல், 10 நம்பர் ஊசி. முதுகுப் பக்கத்தை 84 கண்ணியில் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்தான் கண்ணி) ஆரம்பித்து, கைக்குழிக்குக் குறைத்து 68-க்கு வந்திருந்தேன். வரிசையின் நடுவில் இருக்கும்போது பீரோ மேல் தொப்பென்று ஏதோ விழுந்தது. பழைய துணிமூட்டை சரிந்துவிட்டது என்று நினைத்தேன். மூட்டை எழுந்து மேசைக்குத் தாவியது. மேசையில் கொய்யாப்பழத் தட்டு.

கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, உடம்பளவுக்கு நீளமான வால். எனக்கும் அதற்கும் ஆறடி இருக்கும். எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. நடுவில் விட்டால் கண்ணி நழுவிவிடுமே என்றுதான் தோன்றியது. சொன்னால் சிரிப்பீர்கள். அது பழத்தை முன்னங்கால்களால் அமுக்கிப் பிடித்துச் சப்புக்கொட்டித் தின்கிறது, நான் பின்னுகிறேன். ஊசியோடு ஊசி உரசுகிற ஒவ்வொரு முறையும் அதன் ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியது. வரிசையை முடித்து ஊசியைக் கை மாற்றினேன். அது தட்டைத் தள்ளிவிட்டு, பீரோ மேல் ஏறி, வந்த ஓட்டை வழியாகவே போய்விட்டது.

உறுத்தல் என்னவென்றால், அந்த வரிசையின் பிற்பாதி, சுமார் முப்பது கண்ணி, இறுகிப்போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பென்சிலால் கோடு போட்டது போலத் தெரிகிறது. கவனிக்காமல் அதன்மேல் எட்டு வரிசை போட்டுவிட்டேன். பிரிப்பதா, விடுவதா?

ஒற்றைக் காலுறை (கொடைக்கானல்):

பாட்டிம்மா, உங்களுக்கு வரிசைதான் இறுகியது. எனக்கு ஒரு காலுறையே போய்விட்டது.

சமையலறைக் கதவு இரண்டு பலகையாகப் பிரிந்து திறக்கும் பழைய காலத்துக் கதவு. மேல் பலகை திறந்திருந்தது. நான்கு ஊசியில் காலுறையின் குதிகாலை, அதாவது அது வளைகிற இடத்தை, திருப்பிக்கொண்டிருந்தேன். செய்தவர்களுக்குத் தெரியும், அந்த இடத்தில் எண்ணிக்கை தவறினால் எல்லாம் தவறும். பதினொன்று, பன்னிரண்டு என்று வாய்விட்டு எண்ணும்போது அறை இருண்டது. நிமிர்ந்தால் காட்டெருமையின் தலை. தலை மட்டும்தான் உள்ளே, கொம்பு கதவு நிலையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. அது விட்ட மூச்சில் அடுப்பு மேடையிலிருந்த எவர்சில்வர் டம்ளரில் ஆவி படிந்து மெல்ல மறைந்ததை இப்போதும் வரைந்து காட்டுவேன். தலை மட்டும் வந்தால் வீட்டுக்குள் வந்த கணக்கில் சேருமா?

கறிவேப்பிலையும் கோஸ் தழையும் இருந்த முறத்தை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. பதிமூன்றாவது கண்ணியை நான் போட்டேனா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. அந்தக் காலுறை ஊசியோடு அப்படியே டப்பாவில் இருக்கிறது. முதல் காலுறை மட்டும் முடிந்து கிடக்கிறது. பெயருக்கு இப்போது காரணம் புரிந்திருக்கும்.

உதிரி நூல் (ஏற்காடு):

எங்கள் வீட்டுக்கு வந்தது வௌவால். கூடத்தில் நான்கு சுற்றுச் சுற்றி, நான் பின்னி முடித்து மேசைமேல் வைத்திருந்த குல்லாவுக்குள் விழுந்துவிட்டது. குல்லாவோடு தூக்கிக்கொண்டு போய்க் கொய்யா மரத்தில் மாட்டினோம். அவ்வளவுதான்.

குன்னூர்ப் பாட்டிக்கு வருகிறேன். முதல் விஷயம், நீங்கள் பார்த்தது மரநாய் அல்ல, புனுகுப்பூனை. இரண்டாவது, கட்டாயம் பிரிக்க வேண்டும். எட்டு வரிசை ஒரு பெரிய விஷயமா? ஆனால் ஊசியை உருவிவிட்டு நூலை இழுக்காதீர்கள். இறுகிய வரிசைக்கு இரண்டு வரிசை கீழே, வேறு நிறத்தில் மெல்லிய பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து 68 கண்ணி வழியாகவும் நுழைத்துவிடுங்கள். ஒன்றுகூட விடக் கூடாது, எண்ணிப் பாருங்கள். பிறகு தைரியமாகப் பிரித்தால் அந்த நூல் வரைக்கும் வந்து நின்றுவிடும். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் முக்கி, பிழியாமல் தொங்கவிட்டுக் காயவைத்து, அதன்பிறகுதான் திரும்பப் பின்ன வேண்டும். இல்லையென்றால் புதிய வரிசைகளும் கோணலாக வரும். கண்ணி எடுக்கும்போது 10 நம்பரை வைத்துவிட்டு 12 நம்பர் ஊசியால் எடுங்கள். நம்பர் கூடினால் ஊசி மெலியும் என்பது உங்களுக்குத் தெரியும், புதியவர்களுக்காகச் சொல்கிறேன். மெல்லிய ஊசி சுலபமாக நுழையும்.

அடுத்த முறை விலங்கு வந்தால் கதவு ஜன்னலை எல்லாம் உடனே சாத்திவிட்டு வெளியே வந்து ஆட்களைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்து பின்னுவது சரியல்ல.

சாரல் (வால்பாறை):

உதிரி நூல் அக்கா, நூலைப் பற்றிச் சொன்னது சரி, விலங்கைப் பற்றிச் சொன்னது இரண்டும் தவறு. புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாக இருக்கும், அது பெரும்பாலும் தரையில் திரிகிற பிராணி. கூரைக்குள் குடியிருந்து, பீரோ மேல் குதித்து, பழம் தின்கிற வளையமில்லாத வால்காரர் மரநாய்தான். பாட்டி வாலில் வளையம் என்று எங்கே எழுதியிருக்கிறார்?

கதவைச் சாத்துவது அதைவிட மோசம். 2023 தீபாவளி அன்று அதே குன்னூரில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் சிறுத்தை புகுந்ததே, மறந்துவிட்டதா? உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் உட்பட ஆறு பேருக்குக் காயம். மறுநாள் அது தானாகவே வெளியேறியது. வழி இருந்தால் போகும். வழியை அடைத்தால் நம்மேல்தான் பாயும். பாட்டி அசையாமல் உட்கார்ந்திருந்ததுதான் புத்திசாலித்தனம். அவர் புத்தியோடு செய்தாரா, கண்ணிக்காகச் செய்தாரா என்பது வேறு.

என் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன். இங்கே எங்களுக்குச் சிங்கவால் குரங்குகள் அண்டை வீட்டார் மாதிரி. புதுத்தோட்டத்துப் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், அவை கடப்பதற்காகச் சாலைக்கு மேலே பாலங்கள்கூடக் கட்டியிருக்கிறார்கள். மழையில் துணி காயாததால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு பெண் குரங்கு, வயிற்றைக் கட்டிப் பிடித்தபடி குட்டி, ஜன்னல் படியில் உட்கார்ந்து என் சிவப்பு நூலுருண்டையை எடுத்தது. பழம் என்று நினைத்திருக்க வேண்டும். கடித்தது. வாயிலிருந்து இழையை ஒவ்வொன்றாக விரலால் உருவி எடுத்துப் பார்த்தது, நாம் மீன் முள் எடுப்போமே அதே போல. பிறகு உருண்டையோடு தேயிலைக்குள் இறங்கிவிட்டது. ஊசி என் கையில், உருண்டை அதன் கையில், நடுவில் இருபது அடிக்கு மழையில் நனைகிற சிவப்புக் கோடு. நான் இழுத்தேன். அதுவும் இழுத்தது! ஏமாந்தது நான்தான், இடுப்பளவு வந்திருந்த சால்வையில் ஆறேழு வரிசை சரசரவென்று பிரிந்துவிட்டது.

நூலைச் சாக்கடையிலிருந்து எடுத்துத் துவைத்தேன். கடித்த இரண்டு இடத்தில் முடிச்சு. சால்வை முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. முடிச்சுகள் உள்பக்கம்தான், ஆனால் போர்த்தும்போது விரல் நேராக அங்கேதான் போகிறது.

கூடைக்காரி (விழுப்புரம் பக்கம்):

எங்கள் ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் பின்னினால் பைத்தியம் என்பார்கள். நான் பின்னுவது ஒயர் கூடை. அதுவும் பின்னல்தான், யாரும் சண்டைக்கு வராதீர்கள்.

சிவன் கண் என்கிற டிசைனில் ஒரு கூடை, கறுப்பும் வெள்ளையும். அடி முடிந்து, பக்கம் ஒரு ஜாண் எழும்பியிருந்தது. நாலா பக்கமும் ஒயர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் கட்டம். திண்ணையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். மின்சாரம் இல்லை. திரும்பி வந்து எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, உள்ளே மடங்கிக் கிடந்த ஒரு முனையை வெளியே எடுத்துவிடலாம் என்று பிடித்தேன். ஒயர் இவ்வளவு குளிர்ச்சியாக இருக்காதே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் அது என் விரலுக்குள் சதை மாதிரி நெளிந்தது.

கறுப்பில் வெள்ளைப் பட்டை. நான் போட்ட கலரே. கூடையை வீசினேன், கத்தினேன், பக்கத்து வீட்டுப் பையன் கம்போடு வந்து அடித்துவிட்டான். ஒருவர் கட்டுவிரியன் என்றார், ஒருவர் அது விஷமில்லாத பாம்பு, பாவம் என்றார். கடிக்கவே இல்லை. கையில் பிடித்திருந்தேன், அப்போதும் கடிக்கவில்லை. அதுதான் தூங்கவிடாமல் செய்கிறது.

பணி ஓய்வு (திருச்சி):

சகோதரி, எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு முறை ஏழடிச் சாரைப்பாம்பு வந்தது. வாளியைச் சுற்றிப் படுத்திருந்தது. நாங்கள் நகர்ந்தோம், அதுவும் நகர்ந்துவிட்டது.

எல்லோருக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். கட்டுவிரியனோடு ஓநாய்ப்பாம்பைக் குழப்பிக்கொள்வது மிகவும் சாதாரணம். கட்டுவிரியனுக்குத் தலைப் பக்கம் பட்டை மங்கலாக அல்லது இல்லாமலே இருக்கும், வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும், பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக மெல்லிய கோடாக இருக்கும். ஓநாய்ப்பாம்புக்கு நேர் எதிர்: கழுத்துப் பக்கம் அகலமாகத் தெளிவாக ஆரம்பித்து வால் பக்கம் மங்கிவிடும். இதற்கு விஷம் இல்லை. ஆனால் எமர்ஜென்சி விளக்கில் இந்தப் பரிசோதனையை யாரும் செய்ய வேண்டாம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவர்களைக் கடிப்பது, பல நேரம் கடித்த வலியே தெரியாது. காலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை என்று எழுவார்கள். ஆகவே சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கை காலை அசைக்காமல் வைத்து வண்டியில் ஏற்றுங்கள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது, அங்கே விஷம் எடுப்பதை நேரில் பார்த்திருக்கிறேன், பாம்பைப் பற்றிய பயமும் மரியாதையும் ஒரே நாளில் சரியான அளவுக்கு வந்துவிடும். கூடையைத் தரையில் வைக்காதீர்கள், ஆணியில் மாட்டுங்கள். திண்ணையில் எலி வராமல் பாருங்கள், எலி வந்தால் பாம்பு வரும். கட்டிலில் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள்.

கூடைக்காரி:

ஐயா, நன்றி. பட்டை எந்தப் பக்கம் தெளிவாக இருந்தது என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கண்ணை மூடினால் கூடையின் பட்டைதான் தெரிகிறது, பாம்பினுடையது தெரியவில்லை. கூடையை முடித்துவிட்டேன், கைப்பிடியும் போட்டாயிற்று. நாத்தனார் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அடுத்த கூடை மஞ்சளும் பச்சையும்.

ஸ்கார்பரோ சித்தி:

இங்கே எங்களுக்கு ராக்கூன், பூனையைவிடச் சற்றுப் பெரிய காட்டுப் பிராணி. டொரொண்டோ நகரசபை 2016-இல் ராக்கூன் திறக்க முடியாத பூட்டு வைத்த குப்பைத்தொட்டி கொடுத்தது, அதையும் திறந்த சாமர்த்தியசாலிகள் இவர்கள். கோடையில் பின்கதவைக் காற்றுக்குத் திறந்து வைத்திருந்தேன். வந்தவர் கதவருகில் இருந்த என் நூல் பையில் கையை விட்டார். பையைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு, ஐந்து விரலாலும் உள்ளே ஒவ்வொரு உருண்டையாகத் தடவித் தடவிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது அப்படித்தான். ஒன்றும் பிடிக்கவில்லை போலும், போய்விட்டார். அந்தப் பையை அதன்பிறகு நான் திறக்கவில்லை. பனிக்காலம் வருகிறது, மகளுக்குக் கழுத்துத்துணி பாதியில் நிற்கிறது.

பாட்டி, பிரிக்க வேண்டாம். பேரன் வளர்ந்து கேட்டால் காட்டலாம்.

உதிரி நூல்:

வால் விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். வரிசை விஷயத்தில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், நூல் கம்பளியா, அக்ரிலிக் என்கிற செயற்கை நூலா? கம்பளி என்றால் நனைத்து விரித்துக் காயவைத்தால் இறுக்கம் ஓரளவு தளரும், பிரிக்காமலே பார்க்கலாம். அக்ரிலிக் என்றால் தளராது. தளரட்டும் என்று இஸ்திரிப்பெட்டியை மட்டும் வைத்துவிடாதீர்கள், துணி செத்துத் தொங்கிவிடும்.

குன்னூர்ப் பாட்டி:

அக்ரிலிக். குழந்தைக்குக் குத்தக் கூடாது என்று வாங்கினேன்.

எல்லோர் சொன்னதையும் படித்தேன். நேற்று மத்தியானம் பருத்தி நூலைக் கோக்கக்கூட உட்கார்ந்தேன், உதிரி நூல், நீங்கள் சொன்னபடியே. முப்பது கண்ணி வரைக்கும் ஊசி சுலபமாகப் போயிற்று, பிறகு நான் அந்த இறுகின இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், நூலை உருவி வைத்துவிட்டேன். முதுகுப் பக்கம் முடிந்தது. முன்பக்கம் இரண்டும் முடிந்தன. ஒரு கை முடிந்தது, இன்னொரு கை மணிக்கட்டுப் பட்டையில் நிற்கிறது.

மருமகள் பார்த்துவிட்டு இது என்ன கோடு என்று கேட்டாள். டிசைன் என்றேன்.

தட்டியில் ஓட்டையை அடைக்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறான். உள்ளே குட்டி இருந்தால் அடைத்துவிடக் கூடாது என்று சாரல் தனியாக எழுதியிருந்தாள், அதனால் அவனைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னேன். மணி பதினொன்று. தேங்காய் உருட்டல் ஆரம்பித்துவிட்டது. இன்று மேசையில் கொய்யா இல்லை, வாழைப்பழம்தான் இருக்கிறது.