மெட்டா: "உடன்" என்றா, "பின்பு" என்றா? மாற்கு 1:13–14இல் மாட்டிக்கொண்டேன்

கொய்னே_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக நானாகவே புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் படிக்கிறேன். ஆசிரியர் இல்லை, ஒரு இலக்கணப் புத்தகம், ஒரு அகராதி, அவ்வளவுதான். இந்த "மெட்டா" என்ற முன்னிடைச்சொல் மூன்று நாளாக என்னை நகரவிடவில்லை.

மாற்கு 1:13இல் இயேசு வனாந்தரத்தில் "மெட்டா டோன் தேரியோன்" இருந்தார் என்று வருகிறது. காட்டு மிருகங்களோடு. சரி, மெட்டா என்றால் "உடன்" என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வசனமே "மெட்டா தெ டொ பரதொத்தேனாய் டொன் யோஆன்னேன்" என்று தொடங்குகிறது. நம் பைபிளில் "யோவான் காவலில் வைக்கப்பட்டபின்பு" என்று இருக்கிறது. ஒரு வசனம் தள்ளி அதே சொல் எப்படிப் "பின்பு" ஆனது?

இன்னொரு சிக்கல். மத்தேயு 1:23இல் "தேவன் நம்மோடு" என்ற இடத்தில் "மெத் ஹேமோன்" என்று இருக்கிறது. இந்த "மெத்" அகராதியில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

அலைவரிசை:
மெட்டா என்றால் "அப்பால்" தானே? 2021இல் ஃபேஸ்புக் நிறுவனம் பேரை மாற்றியபோது அதன் தலைவரே அப்படித்தான் விளக்கம் சொன்னார். மெட்டாஃபிசிக்ஸ் என்றாலும் இயற்பியலுக்கு அப்பால். அதை வைத்துப் பாருங்கள்.

கொய்னே_மாணவி:
வைத்துப் பார்த்தேன் அண்ணா. "மிருகங்களுக்கு அப்பால் இருந்தார்" என்று வருகிறது. பொருந்தவில்லையே.

இலக்கணப்பித்து:
சகோதரி, நீங்கள் மெட்டாவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த சொல்லின் வாலைப் பாருங்கள். "டோன் தேரியோன்" ஆறாம் வேற்றுமைப் பன்மை. மெட்டாவோடு ஆறாம் வேற்றுமை வந்தால் "உடன்". "டொ பரதொத்தேனாய்" இரண்டாம் வேற்றுமை. அது வந்தால் "பின்". கொய்னேயில், அதாவது புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில், இந்த இரண்டுதான். (14இல் மெட்டா போய்ச் சேர்வது யோவானோடு அல்ல, "டொ" என்ற சுட்டோடு வரும் வினையோடு. நம் "ஒப்புக்கொடுக்கப்பட்டதற்கு" மாதிரி அது ஒரு தொழிற்பெயர். பலர் அங்கே வழுக்குகிறார்கள்.)

இது அந்நியமாகத் தோன்றினால் நம் "மேல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "மேசையின் மேல் விளக்கு" என்றால் விளக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. "மேசைக்கு மேலே விளக்கு" என்றால் கூரையிலிருந்து தொங்குகிறது. "நூறு ரூபாய்க்கு மேல்" என்றால் இடமே இல்லை, அளவுதான். "மேல்" மாறவில்லை, முன்னால் நிற்கும் உருபு மாறியது. இதை நாம் யோசிக்காமலே தினமும் செய்கிறோம். கிரேக்கத்தில் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

ஒரு வேண்டுகோள். "டோன்", "டொன்" இரண்டையும் வாய்விட்டுப் படியுங்கள். நெடில் ஓ வந்தால் ஆறாம் வேற்றுமைப் பன்மை, குறில் ஒ வந்தால் இரண்டாம் வேற்றுமை ஒருமை. ஒ, ஓ இரண்டும் தனித்தனியாக உள்ள மொழியில் பிறந்த நமக்கு இது பெரிய வசதி. அதை வீணாக்காதீர்கள்.

"மெத்" தனிச்சொல் அல்ல, அதுவும் மெட்டாதான். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் கடைசி ஆகாரம் கெட்டு "மெட்" ஆகும். "அது எங்கே" என்பது "அதெங்கே" ஆகிறதே, அந்த மாதிரி. அந்த உயிருக்கு முன்னால் ஹகர மூச்சும் இருந்தால் "ட்" போய் "த்" ஆகும். மெட்டா + ஹேமோன் = மெத் ஹேமோன். அகராதியில் மெட்டாவின் கீழ் தேடுங்கள்.

கொய்னே_மாணவி:
மேசை விளக்கு மனதில் ஒட்டிக்கொண்டது ஐயா, மிக்க நன்றி. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. "மேல்" எப்படிப் போனாலும் உயரம்தான். "உடன்" எங்கே, "பின்" எங்கே? ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் எப்படிக் குடிவந்தன?

பழைய_ஏடு:
இந்தக் கேள்விக்காகத்தான் நான் கிரேக்கம் படிக்கவே ஆரம்பித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழங்கிரேக்கக் காவியக் கவி ஹோமரிடம் மூன்றாவது வழக்கும் உண்டு: மெட்டாவோடு நான்காம் வேற்றுமை. அங்கே பொருள் "நடுவில், கூட்டத்துக்குள்". வேர்ப்பொருள் இதுதான் என்று எண்ணுகிறேன். ஜெர்மன் "மிட்" இதன் உறவுச்சொல் என்பது பல மொழியியலாளர் கருத்து. ஹோமருக்கும் முன்னால் போகலாம். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய, மிகப் பழைய கிரேக்கத்தை எழுதிய லீனியர் பி எழுத்தில், பைலோஸ் அரண்மனைக் களிமண் ஏடுகளில் "மெ-ட-க்வெ பெ-இ எ-க்வெ-ட" என்று வருகிறது: "அவர்களோடு எக்வெடா என்ற அதிகாரியும்". கடலோரக் காவல் படைகளின் பட்டியல் அது, கி.மு. 1200ஐ ஒட்டியது. நீங்கள் மத்தேயுவில் படித்த அதே சொல்!

கூட்டத்தின் நடுவில் இருப்பவன் கூட்டத்தோடு இருக்கிறான். "உடன்" அப்படி வந்தது. இரண்டாம் வேற்றுமை அசைவைக் காட்டும்: கூட்டத்தை நோக்கி, ஒருவனைத் தேடி அவன் பின்னால் போவது. பின்னால் போகிறவன் வரிசையில் அடுத்தவன். ஹோமரின் இலியட் காவியத்தின் இரண்டாம் பாடலில், ட்ராய்க்கு வந்த கிரேக்கர்களில் அகில்லெஸுக்கு அடுத்த அழகன் நிரெயுஸ் என்கிற இடத்தில் மெட்டா நிற்கிறது. அங்கே காலமே இல்லை, வரிசைதான். வரிசையில் அடுத்தது காலத்திலும் அடுத்தது ஆக ஒரு எட்டுதான்.

நம் "உடன்" என்ற சொல்லும் இப்படி நகர்ந்திருக்கிறது. "அவனுடன் வந்தேன்", "அவன் வந்தவுடன் போனேன்". இரண்டாவதில் அது காலத்தைத்தானே சொல்கிறது? வழி வேறு, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் பக்கத்தில்தான்.

உங்கள் 13ஆம் வசனத்துக்கு நம் பழைய மொழிபெயர்ப்பு "காட்டுமிருகங்களின் நடுவிலே" என்று போட்டிருக்கிறது பாருங்கள். அந்த "நடுவிலே"யைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அலைவரிசை தம்பிக்கு: "அப்பால்" பிற்காலத்துப் பொருள். "டா மெட்டா டா ஃபிசிகா" என்றால் "இயற்கை நூல்களுக்கு அடுத்தவை". அரிஸ்டாட்டில் வைத்த பெயர் அல்ல. அவர் நூல்களைப் பிற்காலத்தில் அடுக்கியவர்கள் வைத்தது. அலமாரி வரிசையைச் சொன்ன பெயரில் பின்னால் வந்தவர்கள் தத்துவம் கண்டார்கள்.

அலைவரிசை:
திருத்தியதற்கு நன்றி அண்ணா. இது தெரியாமல் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மாலுமி:
கப்பல் வேலையில் கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் நிறைய நாள் இருந்திருக்கிறேன். இன்றைய பேச்சில் இரண்டும் பிரிந்துவிட்டன. "உடன்" என்பதற்குக் குறுகிய "மெ", "பின்" என்பதற்கு முழு "மெட்டா". பால் காபிக்கு "கஃபே மெ காலா" என்று கேட்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றால் "மெட்டா".

கொய்னே_மாணவி:
நேற்று ராத்திரி சோதித்துப் பார்க்க யோவான் 3:22ஐ எடுத்தேன். "மெட்டா டௌடா" என்று தொடங்குகிறது. இரண்டாம் வேற்றுமை, "இவைகளுக்குப் பின்பு". அதே வசனத்தின் பிற்பகுதியில் "மெட் ஔடோன்". நெடில் ஓ, ஆறாம் வேற்றுமை, "அவர்களோடு". அகராதியைத் திறக்கவே இல்லை. நோட்டில் எழுதியிருந்த பழைய வரியை அடித்துவிட்டு, மேசையும் இரண்டு விளக்கும் வரைந்து வைத்திருக்கிறேன்.