கலைவிழாவில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி மாலைக் காட்சி: சரியா, தவறா?

மேடைக்காரன்:
ஒரு கலைவிழாவின் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன். ஐந்து நாள் விழாவில் ஒரு மாலையை மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அன்று சைகை மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அரங்கை முழுக்க இருட்டாக்க மாட்டோம், ஒலியைக் குறைப்போம், நடுவில் எழுந்து போகலாம், வரலாம். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தோம். ஆனால் குழுவில் ஒருவர், “இது ஒதுக்கிவைப்பது” என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செவ்வானம்:
அவர் சொன்னது சரி. எனக்குக் காது கேட்காது, தங்கைக்குக் கேட்கும். இருவரும் சேர்ந்து பார்க்க ஆசைப்படும் நாடகம் வெள்ளிக்கிழமை, எனக்கு நீங்கள் ஒதுக்கிய நாள் செவ்வாய் என்றால் நான் எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அப்புறம், எல்லாரையும் ஒரே மாலையில் எப்படி அடைப்பீர்கள்? ஒலியைக் குறைப்பதில் எனக்கு ஒரு பயனும் இல்லை. சத்தம் கூடினால்தான் தரை அதிர்வில் தாளம் தெரியும். தாளக்கலைஞர் எவலின் கிளெனி 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அதிர்வை உடம்பில் வாங்குவதற்காக வெறுங்காலோடு நின்று வாசிக்கிறார்.

கரையோரம்:
நான் ஒளியமைப்பு செய்பவன். மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இருட்டும் எனக்கு ஒரு கருவிதான். மேடையை முழுக்க இருட்டாக்கி, நடிகையின் முகத்தில் மட்டும் ஒரு விளக்கை விழவைக்க ஒரு வாரம் உழைக்கிறேன். அப்போது ஓரத்தில் மொழிபெயர்ப்பாளர் மீது இன்னொரு விளக்கு எரிந்தால் பார்வையாளர் கண் அங்கேதான் போகும். எல்லா நாளும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்தினால் யாருக்கும் முழு நாடகம் கிடைக்காது. தனி நாள்தான் நேர்மையான வழி.

செவ்வானம்:
உங்கள் இருட்டுக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன், சார். ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி. மொழிபெயர்ப்பாளர் கையை நெஞ்சருகே கொண்டுபோய் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினார். விளக்கு அணைந்தது. திரும்ப எரிந்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பாளரை ஓரத்தில் நிறுத்துவதால்தான் இந்தச் சண்டையே வருகிறது. டெஃப் வெஸ்ட் தியேட்டர் என்ற அமெரிக்க நாடகக் குழு 2015-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் ஒரு இசைநாடகத்தைச் சைகை மொழியும் பாட்டும் கலந்து மேடையேற்றியது. காது கேளாத நடிகர் சைகையில் பேச, கேட்கும் நடிகர் அவருக்குக் குரல் கொடுத்தார். கண் இரண்டு இடத்துக்கு ஓட வேண்டியதில்லை.

ஓரவழி:
சக்கர நாற்காலியில் வருபவன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சாய்தளத்தைச் செவ்வாய்க்கிழமை மட்டும் போட்டுவிட்டு மற்ற நாளில் கழற்றி வைப்பீர்களா?

இன்னொன்று, மேடை தெரியும்படி உயரமான இடம் வேண்டும். உச்சக்கட்டப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றதும் எனக்குத் தெரிவது முதுகுகள்தான்.

நீலப்பூ:
செவ்வானம் சொல்வதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. எனக்கு ஆட்டிசம். தளர்வான காட்சி என்று ஒன்று இருப்பதால்தான் நான் அரங்கத்துக்குள்ளேயே போகிறேன். உடம்பை ஆட்டிக்கொண்டே பார்க்கலாம், வாய்விட்டு ஏதாவது சொல்லலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். அதை ‘ஒதுக்கல்’ என்று சொல்லி எடுத்துவிடாதீர்கள். ஆனால் அது மட்டுமே போதும் என்றும் நினைக்காதீர்கள். போன முறை நாடகத்தை முழுக்கப் பார்த்தேன். கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் அலறியதில் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன், அன்றைய மாலை அதோடு முடிந்தது. கை துடைக்கக் காகிதம் வைத்திருந்தால் போதும்.

மேடைக்காரன்:
நீலப்பூ, அந்த இயந்திரம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. குறித்துக்கொண்டேன். ஆனால் பணம்? நீண்ட காட்சிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதாது. இருவர் வேண்டும், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஐந்து நாளுக்கும் என்றால் இரண்டு நிகழ்ச்சிகளை வெட்ட வேண்டிவரும். வெட்டுப்படுவது புதுக் கலைஞர்களாகத்தான் இருக்கும்.

செவ்வானம்:
உண்மையான சிக்கல், மறுக்கவில்லை. ஆனால் நாடகத்துக்கு வசனம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திரையில் நகர்த்தினால் எழுத்துரை வந்துவிடும். உடனுக்குடன் தட்டச்சு செய்ய ஆள் தேவைப்படுவது உரையாடல் அரங்குக்குத்தான். ஆனால் சைகை மொழியே தாய்மொழியாக இருப்பவருக்கு எழுத்து இரண்டாவது மொழி. அதனால் எழுத்துரையைக் காட்டி மொழிபெயர்ப்பாளரை முழுக்கக் கைவிடவும் முடியாது. எந்தெந்த நிகழ்ச்சிக்கு எது என்று எங்களைக் கேளுங்கள். காசு மிச்சமாகும்.

கரையோரம்:
விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கை நான் விடப்போவதில்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீலப்பூ:
விட வேண்டாம். எந்தக் காட்சியில், எவ்வளவு நேரம் என்று டிக்கெட் வாங்கும் இடத்திலேயே போடுங்கள். வலிப்பு உள்ளவர்களுக்கு அது உயிர் விஷயம். அரங்கத்துக்குள் வந்த பிறகு அறிவித்தால் என்ன செய்வது?

கரையோரம்:
சரி, அது நியாயம். மொழிபெயர்ப்பாளர் விளக்கு பொருத்தும் ஒத்திகைக்கே வருவாரா? இதுவரை எங்களிடம் வந்தவர்கள் காட்சி தொடங்க அரை மணி நேரம் முன்புதான் வந்தார்கள். முன்கூட்டியே வந்தால் மங்கலான குறுகிய விளக்கு ஒன்றை அவருக்கென்று வைத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடைசி இருட்டு எனக்கு வேண்டும்.

செவ்வானம்:
வைத்துக்கொள்ளுங்கள். வசனம் முடிந்து அவர் கை கீழே இறங்கிய பிறகு அணையுங்கள்.