லகூன் 380: பின்படிகளை 60 செ.மீ. நீட்ட ஆலோசனை தேவை

நண்பர்களே, எங்கள் லகூன் 380, 11.55 மீட்டர் பாய்க் கேட்டமரான் (இரட்டை உடல் படகு). இரண்டு ஹல்களின் (படகு உடல்களின்) பின்படிகளையும் 60 செ.மீ. நீட்டப் போகிறோம். டிங்கியிலிருந்து (சிறு துணைப்படகு) ஏற அகலமான கடைசிப் படி வேண்டும்.

திட்டம்: பழைய டிரான்சமை (ஹல்லின் பின்சுவர்) வெட்டாமல் நீர்புகாத் தடுப்பாக அப்படியே விடுவது. 20 மி.மீ. பிவிசி ஃபோம், இருபுறமும் சதுர மீட்டருக்கு 600 கிராம் பையாக்சியல் (இரு திசை இழை) கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு, எபாக்ஸி பிசின். இணைப்பில் ஜெல்கோட்டை (வெளிப்பூச்சு) முழுதும் உரசி எடுத்து 12:1 சரிவு, அதாவது 6 மி.மீ. லேமினேட்டுக்கு (கண்ணாடியிழை அடுக்கு) 72 மி.மீ. அகலம். எங்காவது ஹல் சுவரின் நடுவிலுள்ள பால்சா மரம் தெரிந்தால் 2 செ.மீ. தோண்டி எடுத்து, கெட்டியாக்கிய எபாக்ஸியால் அடைப்போம். ஈரம் உள்ளே போனால் பால்சா அழுகிவிடும். மேலே இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயின்ட்; பாலியஸ்டர் ஜெல்கோட் எபாக்ஸி மேல் சரியாக இறுகாமல் போகலாம்.

எங்களுக்குப் பெரிய கவலை அடிப்பகுதியின் கோடுதான். நீளமான மரச்சட்டத்தை ஹல்லின் அடியில் வைத்து அதே வளைவைத் தொடர்கிறோம். கீழ்நோக்கி வளைந்தால் வேகத்தில் மூக்கு அழுந்தும். மேலே தூக்கினால் மிதப்பு குறையும். முழுச் சுமையில் புதிய டிரான்சமின் கீழ் விளிம்பு நீர்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும்? செய்தவர்கள் அளவு சொல்லுங்கள்.

உள்ளே வெற்றிடமாக விட்டு ஆய்வு மூடி வைப்பதா, ஃபோம் ஊற்றுவதா? ஊற்றும் ஃபோம் நாளடைவில் நீரை உறிஞ்சும் என்பதால் மூடியே நல்லது என்பது எங்கள் எண்ணம். ஏணி போல்ட்டுகள் வரும் இடத்தில் ஃபோமை நீக்கி, கெட்டிக் கண்ணாடியிழைப் பலகை வைப்போம். அதன் தடிமன் 10 மி.மீ. போதுமா?

வேலைப் படங்கள் இருந்தால் பகிருங்கள்.