எஸ்/ஓ (சன் ஆஃப், இன்னாரின் மகன்), டி/ஓ (டாட்டர் ஆஃப், இன்னாரின் மகள்) எழுதும்போது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தேனிக்காரி:
அப்பா போய் நாலு மாசம். வாரிசுச் சான்றிதழுக்குப் பிரமாணப் பத்திரம் டைப் அடித்து, நோட்டரி முத்திரையும் வாங்கி வந்தாச்சு. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வீட்டு ஆட்கள் பெயரைப் பார்த்தால் அடையாளம் தெரியும். அப்புறம் 'லேட்'. நாலு மாசமாக அப்பா பெயருக்கு முன்னால் பார்த்துப் பார்த்துப் பதிந்துபோன சொல். "இது ஏன்டி தம்பி பேருக்கு முன்னாடி நிக்குது?" என்று விரலை வைத்தார். 'எஸ்/ஓ லேட்' என்று வர வேண்டியது, 'லேட்' தம்பி பெயரில் விழுந்து, எஸ்/ஓ பின்னால் போயிருந்தது. அந்த விரல் நடுங்கியது.

கிள்ளான்வாசி:
எங்கள் மலேசியாவில் ஏ/எல், ஏ/பி. அனாக் லெலாகி என்றால் மகன், அனாக் பெரெம்புவான் என்றால் மகள். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இறந்து ஆறு வருஷம். நான் எழுந்து நின்றேன்.

பத்திரக்காரர்:
முதலில் எழுதிய தங்கச்சிக்கு: டைப்பிஸ்டைக் குறை சொல்லிப் பயனில்லை, கையெழுத்துக்கு முன்னால் நாம்தான் வாசிக்கணும். என் பத்திரத்திலும் 'எஸ்/ஓ ஆஃப்' என்று அடித்திருந்தார்கள், திருத்தினேன். எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்/ஓ-விலேயே 'ஆஃப்' இருக்கிறது, இன்னொன்று வேண்டாம். 'லேட்' இறந்தவர் பெயரை ஒட்டித்தான் நிற்கணும். சி/ஓ என்றால் கேர் ஆஃப், அது உறவுமுறை இல்லை, யார் வீட்டு முகவரி என்பதற்கு. ஆதாரில் சி/ஓ என்று அப்பா பெயர் வருவதும் முகவரியின் பகுதியாகத்தான். அதை வைத்து மகன் என்று நிரூபிக்கப் போகாதீர்கள். எஸ்/ஓ, டி/ஓ என்றால் அடுத்து அப்பா பெயர்தான் வரணும், மறக்காதீர்கள்.

ஒற்றைத்தாய்:
கடைசி வரி தவறு, ஐயா. 'டாட்டர் ஆஃப்' என்றால் இன்னாருடைய மகள், அவ்வளவுதான். அந்த இன்னார் ஆணாகத்தான் இருக்கணும் என்று அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது? பாஸ்போர்ட்டுக்கு ஒரு பெற்றோர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே விதியை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் ஒரு பள்ளியில் என் மகள் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் எழுத்தர். "அப்பா பேர் எழுதும்மா, கோடு காலியா விடக்கூடாது." கோடு காலியாகவே இல்லை, என் பெயர் இருந்தது. மகள் விண்ணப்பத்தை வாங்கி, அதே பெயரின் மேல் பேனாவை அழுத்தி இன்னொரு முறை எழுதினாள். தாளின் பின்பக்கம் வரை எழுத்து புடைத்துத் தெரிந்தது.