பரவைக்கடலில ஆளிப்பாரைத் திரும்பக் கொண்டுவாறது: நார்க்கயிறா, கல்வரம்பா, ஓடா?

கரைவலை (கேள்வி)

யாழ்ப்பாணத்து மண்டைதீவுப் பக்கப் பரவைக்கடலில ஆளிப்பார் (ஆளி எண்ட சிப்பி கூட்டமா ஒட்டி வளருற திட்டு) ஒண்டைத் திரும்ப உண்டாக்கச் சங்கம் ஒண்டு யோசிக்குது. கண்டல் வேரிலயும் பழைய கல்லுகளிலயும் ஆளி இன்னும் ஒட்டிக்கிடக்கு. அடியில எண்டால் முழுக்கச் செத்த வெறும் ஓடு. விக்கிற நோக்கம் இல்லை, இனம் பெருகினால் போதும்.

ரெண்டு வெளிநாட்டு முறை பேச்சில அடிபடுது. நியூசிலாந்தின்ர ஓஹிவா குடாவில மாவோரி மக்கள் இலைநாரில கயிறு பின்னித் தொங்கவிட்டுச் சிப்பிக் குஞ்சு பிடிக்கினம். கனடா மேற்குக் கரையில ஆதிக்குடிகள் கல்வரம்பு கட்டி மட்டி பெருக்கினவை. எங்களிட்டத் தென்னந்தும்பு தாராளம், கல்லும் கிடக்கு. எதை எடுக்கலாம்? எப்ப போடுறது, எந்த மட்டத்தில? ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூச வேணுமா?

ஓட்டுத்தொடர் (பதில்)

ரெண்டையும் அப்பிடியே எடுக்க ஏலாது. ஓஹிவாவில வளருறது பச்சை உதட்டுச் சிப்பி. அது தன்ர நூலால கயிறைப் பிடிச்சுக்கொண்டு தொங்கும். எங்கட ஆளி (கிராசொஸ்ட்ரியா மட்ராசென்சிஸ்) கெட்டியான பரப்பில ஒருக்கா சீமெந்து மாதிரி ஒட்டினால் ஒட்டினதுதான், பிறகு அசையாது. வெறும் கயிறில அது பிடிக்கும் எண்டு நம்பி இறங்காதேங்கோ. ஆளிக்கு ஓடுதான் வேணும்.

ஆனால் அவையிட்ட எடுக்கவேண்டியது கயிறு உக்கிற குணம். அந்தக் குடாவில 2007இல் 11 கோடி 20 லட்சம் எண்டு மதிப்பிட்ட சிப்பி 2019இல் 80 ஆயிரத்துக்கும் கீழ போட்டுது, அதைத் திரும்பப் பெருக்கத்தான் கயிறு. பிளாஸ்டிக் கயிறைத் தவிர்த்து, டீ கோவுக்கா எண்ட மரத்தின்ர இலையில திரிச்ச கயிறை அவை பாவிக்கிறதுக்குக் காரணம் இருக்கு: கயிறு உக்கி அறுந்தாலும் சிப்பிக் கூட்டம் அடியில போய் இருந்து வளரும், கடலில குப்பை மிஞ்சாது. உங்களுக்கும் அதுதானே தேவை. தூத்துக்குடியில ஆளி வளர்க்க ஓடு கோக்கிறது நைலோன் கயிறில. அது அறுவடை செய்யிற ஆக்களுக்குச் சரி, பாருக்கு வேண்டாம். தும்புக்கயிறு ஒரு வருசம் தாங்கினால் காணும்.

செய்யிற விதம்: பழைய ஆளியோட்டை ஆறு மாசம் வெயிலில பரப்பி, இடைக்கிடை பிரட்டிப் போடுங்கோ. ஒட்டியிருக்கிற சதையும் புழுவும் நோயும் அப்பதான் போகும். நடுவில ஆணியால துளைச்சு, ஒரு மீற்றர் கயிறில அஞ்சு ஓடு, 15–20 சென்ரிமீற்றர் இடைவெளி. ஒவ்வொரு ஓட்டுக்குக் கீழயும் முடிச்சு, இல்லாட்டி எல்லாம் சறுக்கி ஒண்டாக் குவிஞ்சுபோகும். வளர்ந்தால் ஒரு தொடரில ஏழெட்டுக் கிலோ ஏறலாம், தண்ணியில நட்டுக் கட்டுற கொம்பு அதைத் தாங்கவேணும்.

சுண்ணாம்பு பூசவே வேண்டாம். கூரை ஓட்டுக்குச் சுண்ணாம்பு பூசுறது குஞ்சைச் சேதமில்லாமல் உரிச்செடுத்து வேற இடத்தில வளர்க்கிறதுக்கு. உங்களுக்கு உரியக்கூடாது.

எப்ப போடுறது எண்டதுதான் சிக்கல். நேரத்தோட போட்டால் குஞ்சு வரமுந்திச் சேறும் கொட்டலசும் (கல்லிலயும் கட்டையிலயும் ஒட்டி வளருற சின்னக் கடலுயிர்) ஓட்டை மூடிப்போடும். கிழமைக்கு இருபது ஆளி உடைச்சுப் பாருங்கோ. சதை வெள்ளையாத் தடிச்சு நிறைஞ்சிருந்தால் முட்டை முத்தியிருக்கு. அடுத்த கிழமை பெரும்பாலானது தண்ணியா, கண்ணாடி மாதிரி மெலிஞ்சிருந்தால் விட்டிட்டுது. அதிலயிருந்து 7–10 நாளில தொடரைத் தொங்கவிடுங்கோ. குஞ்சு 15–20 நாள் தண்ணியில மிதந்துபோட்டுத்தான் ஒட்டும். ஆளி எடுத்துச் சமைக்கிற ஆக்களுக்குச் சதை எப்ப நிறையும், எப்ப வத்தும் எண்டு நல்லாத் தெரியும். அவையிட்ட மாசத்தைக் கேட்டுக் குறிச்சு, பிறகு உடைச்சுப் பார்த்து உறுதிப்படுத்துங்கோ.

நீர்மட்டம் (பதில்)

கல்வரம்பைப் பற்றி. கனடாவின்ர குவாட்ரா தீவில அந்த வரம்புகளுக்கு 3,500 வருசம் எண்டு கணிச்சிருக்கினம். வரம்பு உள்ள கரையில ஒரு மட்டி இனம் நாலு மடங்கு கூட இருந்ததா 2014 ஆய்வு சொல்லுது. ஆனால் அங்க வத்தும் பெருக்கும் மீற்றர் கணக்கில, கரையும் சரிவு. வரம்பு மண்ணைப் பிடிச்சுச் சரிவைத் தட்டையாக்கும். இஞ்ச பறுவத்திலயும் (முழுநிலா நாளிலயும்) ரெண்டடிக்கு மேல வித்தியாசம் வராது, தரை ஏற்கெனவே தட்டை. வரம்பு கட்டினால் ஓட்டம் நிண்டு சேறுதான் படியும். அவை மணலுக்குள்ள ஓட்டுத்தூள் கலந்தது மட்டும் மட்டி உள்ள மணல்தரையில செய்துபார்க்கலாம்.

வத்துப்பெருக்கு இவ்வளவு சின்னன் எண்டபடியால் அரை அடி பிழைச்சாலும் பிழைதான். மேல வைச்சால் வெயிலில காயும், கீழ வைச்சால் சேறும் நண்டும். கணக்குப் போடாதேங்கோ. கிட்ட நிக்கிற கண்டல் வேரில உயிர் ஆளி எங்க தொடங்கி எங்க முடியுது எண்டு பாருங்கோ. மேசன்மார் பிடிக்கிற நீர்மட்டக் குழாயால அந்த ரெண்டு கோட்டையும் உங்கட கொம்புக்கு மாத்துங்கோ. தொடர் அந்த இடைக்குள்ள நிக்கவேணும், இடை காணாட்டிக் கயிறைக் குறைச்சுக் கட்டுங்கோ.

கயிறு உக்கித் தொடர் விழப்போற தரையை மிதிச்சுப் பாருங்கோ. கால் கணுவுக்கு மேல புதைஞ்சால் அந்த இடத்தில ஓடு ஒரு மாரிக்குள்ள காணாமல் போகும். உடைஞ்ச கூரையோட்டை அரை அடிக்குப் பரப்பி, அதுக்கு மேல ஆளியோடு. முருகைக்கல் உடைக்கிறதும் கண்டல் கம்பு வெட்டுறதும் சட்டவிரோதம்.

கரைவலை

நன்றி. உவர்ப்பு எவ்வளவு இருக்கவேணும்? புத்தளத்தில இருந்து குஞ்சு வாங்கினால் வேகமா வருமா?

உப்பாறு (பதில்)

வாங்காதேங்கோ. இந்தியக் கரையில இதே ஆளி இனத்தில பெர்கின்சஸ் ஒட்டுண்ணி பதிவாகியிருக்கு. பிற இடத்துக் குஞ்சோட என்ன வந்து சேரும் எண்டு ஒருத்தராலயும் உத்தரவாதம் தர ஏலாது. பரவைக்கடலுக்குள்ள வந்ததைப் பிறகு வெளியில எடுக்கவும் ஏலாது. கண்டல் வேரில உயிர் ஆளி இருக்கெண்டால் தாய் இருக்கு, சரியான மட்டத்தில துப்புரவான ஓடுதான் குறை.

உவர்ப்பு ஆயிரத்துக்கு 20க்கும் 35க்கும் இடையில நிண்டால் நல்லம். ஐப்பசி, கார்த்திகை மழையில வாய்க்கால் வாயில சட்டெண்டு இறங்கும், சோளகம் அடிக்கிற மாசங்களில ஓட்டமில்லாத மூலையில கடலை விட ஏறும். ரெண்டு இடத்தையும் தவிருங்கோ. கிழமைக்கு ஒருக்கா உவர்ப்புமானியால, தொடர் நிக்கிற ஆழத்தில அளவுங்கோ. மழைத்தண்ணி மேல மிதக்கும், மேலால எடுத்தால் பிழையான அளவு வரும்.

கொம்பு நடமுந்தி, அந்த இடத்துக் களங்கண்டிப் பாடு (கம்பு நட்டு வலை கட்டுற இடம்) ஆரின்ர எண்டு கேளுங்கோ. கடலட்டைப்பண்ணை வேலிகளால ஏற்கெனவே வள்ளம் போற வழி குறைஞ்சிருக்கு, ஆளியும் அதோட சேர்ந்தால் சனம் பிடுங்கி எறியும், அதில பிழையும் இல்லை. கடற்றொழில் திணைக்களத்தின்ர அனுமதியும் எழுத்தில எடுங்கோ. நகரத்து வாய்க்கால் விழுற பக்கம் வளருற ஆளியை ஒருத்தரும் தின்னக்கூடாது எண்டு பலகை வைக்கவேணும், அது அழுக்குத் தண்ணியை வடிச்சுக் கிருமியை உள்ள சேர்க்கும்.

மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பத்துத் தொடரில உயிரோட இருக்கிறதையும் செத்ததையும் புறம்பா எண்ணுங்கோ. செத்த ஓட்டில சின்ன வட்டத் துளை இருந்தால் துளைக்கிற சங்கு. விளிம்பு நொருங்கியிருந்தால் சேற்று நண்டு. ஓடு முழுசா வாய் திறந்து சேறு நிறைஞ்சிருந்தால் மழைத்தண்ணி அல்லது மட்டம் பிழை; மட்டம் எண்டால் அந்தத் தொடரைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிப்பாருங்கோ.