வயசான காலத்துல வர்ற மாற்றத்த மனசு எப்படி தாங்குது? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பென்னாகரம், ரிட்டயர்டு கண்டக்டர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தவன், பெரும்பாலும் தருமபுரி ஒகேனக்கல் ரூட்டுதான். ரிட்டயர்டு ஆனா நல்லா தூங்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா விடிகாலை மூணரைக்கே கண்ணு தானா முழிச்சிக்குது, எந்திரிச்சா போறதுக்கு டூட்டி இல்ல. பஸ்ல ஒரு நாளைக்கு எத்தன பேர் கிட்ட பேசியிருப்போம், இண்டூர்ல கூடையோட ஏறுற பூக்காரம்மா, ஸ்கூல் பசங்க, ஆடி பதினெட்டுக்கு ஒகேனக்கல் போற கூட்டம், அத்தன பேரும் கண்டக்டரே கண்டக்டரேன்னு கூப்பிட்ட காது இது. வீட்ல சாப்டீங்களா, மாத்திர போட்டீங்களா, இந்த ரெண்டு கேள்விதான். பாசமா தான் கேக்கறாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா மனசு வத்திப்போச்சு.

அப்புறம் பென்ஷன்காரங்களுக்கு லைஃப் சர்டிபிகேட் போன்லயே முகத்த காட்டி பதியலாம்னு வந்துச்சு இல்ல, பேரன் கிட்ட கத்துக்கிட்டு நடக்க முடியாதவங்க வீட்டுக்கு நானே போய் பண்ணி குடுக்க ஆரம்பிச்சேன். அதுல ஒரு வீட்ட பத்தி சொல்லணும். என்கூட ரொம்ப வருசம் வண்டி ஓட்டின டிரைவர் அண்ணன், பெரிய சிரிப்புக்காரர், டெப்போவே அதிரும். நான் போனப்ப செவுத்த பாத்து உக்காந்திருக்காரு. அவரு மருமக சொல்லுச்சு, மாமாவுக்கு மறதி வந்துட்டுதுங்க, எது கேட்டாலும் சம்பந்தமில்லாம பதில் சொல்றாருன்னு. எனக்கு அப்படி தோணல. பக்கத்துல போயி காதுகிட்ட சத்தமா, "அண்ணே, ஆடி பதினெட்டு ஸ்பெஷல் வண்டி எடுக்கலாமா"ன்னேன், கைய புடிச்சிக்கிட்டாரு, பழைய கத பூரா வருது, ஒரு வார்த்த மறக்கல. மறதி எங்க இருக்கு? காது தான் போயிருக்கு. பழைய வண்டியில இஞ்சின் டிரைவர் பக்கத்துலயே இல்லீங்களா கத்தும், வருசக்கணக்கா அந்த சத்தத்துலயே ஓட்டினவரு. தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில காது மூக்கு தொண்ட பிரிவுக்கு கூட்டிட்டு போயி டெஸ்ட் எடுத்து, இப்ப மிஷின் மாட்டியிருக்காரு. மொதல்ல தட்டு வைக்கிற சத்தம் கூட எரிச்சலா இருக்குன்னு கழட்டி கழட்டி வெச்சாரு, பழக கொஞ்ச நாள் ஆகுது, விட்டுடாதீங்க. வீட்ல பெரியவங்க திடீர்னு பேச்ச கொறச்சிட்டா வயசாச்சுன்னு தள்ளி விடாம மொதல்ல காத பாருங்க சாமி.

காவேரிப்பட்டணம் பக்கம், மூணு பேரன் பேத்தி எடுத்த அம்மா:

எனக்கு டைப் பண்ண வராது, பேத்தி போன்ல பேசினா எழுத்தா வர்ற மாதிரி வெச்சி குடுத்திருக்கா, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க. எங்க ஊட்டுக்காரர் போனதும் மாந்தோப்ப குத்தகைக்கு விட்டுட்டு பையன் என்ன ஓசூருக்கு கூட்டிட்டு போனான். மூணாவது மாடி. பையன் ஒரு ஷிப்ட், மருமக ஒரு ஷிப்ட், ரெண்டும் தங்கமான புள்ளைங்க, நீ ஒரு வேலையும் செய்யாத ரெஸ்ட் எடும்மான்னுதான் சொல்லுவாங்க. கதவ சாத்தினா சாயங்காலம் வரைக்கும் சத்தமே இல்ல. பக்கத்து வீட்ல இந்தி பேசறாங்க, பாத்தா சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன், அவ்ளோதான்.

எனக்கு அழுக வரலைங்க. வயித்துல எரிச்சல், ராத்திரி தூக்கம் இல்ல, தல பூரா எறும்பு ஊர்ற மாதிரி. களி உருண்ட தொண்டையில எறங்கல. ஸ்கேன் எடுத்தாச்சு, எண்டாஸ்கோப்பி எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. ஒண்ணும் இல்லேன்னு சொன்னா எனக்கு கோவம் வரும், வலிக்கறது எனக்குத்தானே. கடைசியா பெரிய ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா ரத்தத்துல தைராய்டு, பி12 வைட்டமின் ரெண்டும் பாக்க சொன்னாங்க, பல வருசமா மெட்ஃபார்மின் சக்கர மாத்திர போடறவங்களுக்கு பி12 கொறையலாமாம், எனக்கு கொறைஞ்சிதான் இருந்துச்சு. அதுக்கு ஊசி போட்டாங்க. அப்புறம் அவங்களே கேட்டாங்க, "உங்க வீட்டுக்காரர் இறந்ததுல இருந்து யார்கிட்டயாவது அவர பத்தி பேசியிருக்கீங்களாம்மா"ன்னு. யாருமே அத கேட்டதில்ல. நான் அழுவேன்னு பயந்துகிட்டு புள்ளைங்க அவரு பேரயே எடுக்க மாட்டாங்க, அவங்க அழுவாங்கன்னு நானும் எடுக்க மாட்டேன். வயசானவங்களுக்கு மனசு கஷ்டம் நெறைய நேரம் ஒடம்பு வலியா தான் வரும்னு சொல்லி மனநல பிரிவுக்கு அனுப்பினாங்க. மாத்திர குடுத்தாங்க, கேக்க சில வாரம் ஆகும், நடுவுல நீங்களா நிறுத்தாதீங்கன்னாங்க. அப்படித்தான் ஆச்சு.

தூக்கம் வந்ததும் பையன்கிட்ட சொல்லிட்டேன், தை பொறந்தா நான் ஊருக்கு போவேன், புளி சீசன் முடிஞ்சி மாங்கா எறங்குற வரைக்கும் அங்கதான் இருப்பேன், மத்த மாசம் உன்கூட இருக்கறேன்னு. ரொம்ப யோசிச்சான், அப்புறம் அவனே கொண்டாந்து விட்டான். எங்க தெருவுல வியாபாரிங்க மூட்டையா புளி எறக்குவாங்க, கிலோ கணக்குல கூலி. திண்ணையில நாங்க பொம்பளைங்க வட்டமா உக்காருவோம், ஆளுக்கு ஒரு கல்லு, கையில ஒரு இரும்பு கம்பி, ஓட்ட ஒடச்சி நார உரிச்சி பழத்த கல்லு மேல வெச்சி பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினா கொட்ட வெளிய எகிறும். வெரலு நுனியெல்லாம் கருப்பா போயிடும், நகத்துல புளி ஏறி எரியும். ஆனா வாய் சும்மா இருக்காது. அதுல பாதி பேரு என்ன மாதிரி தாலி எறக்கினவங்க. வளகாப்பு, சீருன்னா நாங்களே ஒதுங்கி பின்னாடி உக்காந்துக்கறோம், இந்த திண்ணையில முன்னாடி பின்னாடி கெடையாது. ஒருத்தி புருசன் குடிச்ச கத, ஒருத்தி புருசன் நல்லவன் கத, நான் எங்க ஊட்டுக்காரர் பீத்தர் மாம்பழத்த வைக்கோல்ல ஒளிச்சி வெச்சி எனக்கு மட்டும் குடுத்தத சொன்னேன், சொல்லும்போதே அழுக வந்துச்சு, யாரும் அழாதேன்னு சொல்லல, கம்பி தட்டுற சத்தம் நிக்கவும் இல்ல. வர்ற கூலி என் சுருக்குப் பையில. மாத்திரய இப்பவும் விடல, அதுவும் வேணும் இதுவும் வேணும்.

சூளகிரி பக்கம், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர்:

அம்மா எழுதினத படிச்சிட்டு எழுதறேன். இந்த திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க. வீடு வீடா பிரஷர், சுகர் மாத்திர குடுக்கறது எங்க வேல. ஒரு அவ்வாவுக்கு (எங்க பக்கம் பாட்டிய அப்படித்தான் கூப்பிடுவோம்) மாத்திர ஒழுங்கா போகுது, பிரஷர் மட்டும் எறங்கவே இல்ல. ஒரு நாள் அரிசி டப்பாவ தொறந்தா அட்ட அட்டயா மாத்திர அப்படியே இருக்கு. "இனிமே எனக்கு எதுக்கு கண்ணு"ன்னாங்க. மாத்திர சாப்பிடாம விடறதும் சோறு தள்ளி வைக்கறதும் கூட சாவ தேடறதா இருக்கலாம். அதனால நேராவே கேட்டேன், செத்துடலாம்னு தோணுதா அவ்வான்னு. அப்படி கேட்டா புதுசா நெனப்பு வந்துடும்னு நெறைய பேர் பயப்படறாங்க, வராது, மனச தொறந்து பேசத்தான் செய்வாங்க. முட்டி வலின்னு சொல்லி புள்ளைங்க மாட்ட வித்திருக்காங்க, அவங்க நல்லதுக்குதான். ஆனா அவ்வாவுக்கு காலையில எந்திரிக்க இருந்த ஒரே காரணம் அந்த மாடு. அவங்க மகன் கிட்ட பேசினேன். மாடு முடியாது, ரெண்டு வெள்ளாட்டுக்குட்டி வந்துச்சு. முட்டிக்கு பிசியோதெரபி எங்க டீம்லயே வந்து குடுக்கறாங்க. இப்ப மாத்திரய என் கண்ணு முன்னாடி போட்டு காட்டறாங்க.

யாருக்காவது ராத்திரி நேரத்துல தாங்க முடியலேன்னா 14416, மனநல உதவிக்கு, காசு கெடையாது, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பெரியவங்கள யாராவது கொடுமப்படுத்தறாங்க, பென்ஷன் விவரம் தெரியல, இந்த மாதிரிக்கு 14567, காலையில எட்டுல இருந்து ராத்திரி எட்டு வரைக்கும்.

பென்னாகரம், ரிட்டயர்டு கண்டக்டர்:

அம்மா, நானும் மெட்ஃபார்மின் ரொம்ப வருசமா போடறேன், பாதம் மரத்து போற மாதிரி இருக்குது, நிக்கற வேல பாத்ததாலன்னு நெனச்சி விட்டுட்டு இருந்தேன். திங்கக்கெழம ஜிஹெச் போயி பி12 பாக்க சொல்றேன். டிரைவர் அண்ணனையும் கூட்டிட்டு போறேன், அவருக்கும் சுகர் தான்.